முத்திரை இல்லாத பக்கம்

சாம்பல் விழத் தொடங்கிய ஏழாம் நாள்
காலை ஆறரைக்கு மைக்கைத் துடைத்தேன்.
துணி கறுக்கவில்லை, வெளுத்தது.
இந்த எரிமலைக்கு மாவின் நிறம்.

பதகோனியாவின் இந்த மேட்டுவெளியில்
தபாலும் தொலைபேசியும் என் குரல்தான்.
கருங்கல் ஓடை ஒர்தென்சியாவுக்கு:
தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டான்.
வடக்கு வேலிக்காரர்களுக்கு:
செவ்வாய்க்கிழமை லாரி வராது.
அடுத்து அரசு அறிவிப்பு.
இரண்டு பக்கம், அடியில் ஊதா முத்திரை.

வெளியே செல்வோர் முகக்கவசம் அணியவும்.
கண்களைக் கசக்காமல் கழுவவும்.
தண்ணீர்த் தொட்டிகளை மூடி வைக்கவும்.
கால்நடைகளை உள்ளே அடைக்கவும்.

'உள்ளே' வந்ததும் நாக்கு இடறியது.
பெர்மின் காயூலிடம் முந்நூறு ஆடுகள்.
அவருக்கு உள்ளே என்றால்
ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு நாய்.

ஒன்பதாம் நாள் அவரே வந்தார்,
குதிரைக்கும் மூக்கில் ஈரச் சாக்கு கட்டி.
மேசைமேல் கைக்குட்டையை அவிழ்த்தார்.
ஆட்டுத் தாடை.
மூன்று வயதுதான் என்றார்.
புல்லோடு சாம்பலை மென்று மென்று
அரத்தால் ராவியதுபோல் பற்கள்
ஈறுமட்டத்துக்கு வந்திருந்தன.

உங்க காகிதத்துல இதுக்கு என்ன போட்டிருக்கு?

இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன்:
பல் தேய்மானம் தென்பட்டால்
கால்நடை மருத்துவரை அணுகவும்.
மருத்துவரின் ஜீப்
வெள்ளிக்கிழமையிலிருந்து பெட்ரோல் பங்கில்,
சாம்பல் அடைத்த வடிகட்டியோடு.

அவர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை.
தண்ணீர் கேட்டு, முகர்ந்து பார்த்துக் குடித்தார்.
பிறகு, எழுதிக்கொள் என்றார்.

மறுநாள் அறிவிப்பை
முத்திரை எண், தேதி விடாமல் படித்தேன்.
மூச்சுகூட விடாமல், அதே குரலில்
மேலே போனேன்:
சாம்பல் ஏறிய கம்பளி கல்லாய்க் கனக்கும்.
விழுந்த ஆட்டைக் கொம்பைப் பிடித்து இழுக்காதீர்கள்.
தனி ஆளாக இருந்தால்
முன்னங்கால்களுக்குப் பின்னால் கயிறு கொடுத்துத் தூக்குங்கள்.
பல் போன ஆட்டுக்கு
தவிட்டை நனைத்து வையுங்கள், தவிடு இருந்தால்.

தலைநகரத்திலிருந்து யாரோ அழைத்தார்கள்.
யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டிருக்கலாம்.
லைன் கரகரத்தது. சாம்பல்.

வாசல்வரை போனவர்
திரும்பி வந்து கேட்டது ஒன்று பாக்கி:
நாய்க்கு ஒண்ணுமே போடலியா?
இரண்டு பக்கத்திலும் தேடினேன்.
இல்லை.

ஆகவே, நேயர்களே, இன்றைய கடைசிச் செய்தி
காயூல் வீட்டு சிஸ்பாவுக்கு:
ஆடாமல் நில்.
வெதுவெதுப்பான தண்ணீர்தான்.
கண்ணைக் கழுவ வருகிறார்.