கருங்காலி உருண்டை

புளியந்தீவில், வாவியோரம், ஒரே கதவில் நாலு பூட்டு.
மூன்றுக்குத் திறப்பில்லை.
நாலாவது பூட்டுப்படுவதேயில்லை.

கச்சேரிக் கோப்பில் அது லொட்ஜ்.
சந்தைக்குப் போகிறவர்கள் மண்டையோட்டு மண்டபம் என்பார்கள்.
மாநகர சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் எனக்கு
அது படிவம் ஏழு:
இடிக்கவா, வைக்கவா,
வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல்.

நாடாவின் மறுமுனையைச் சபூர்தீன் பிடித்தான்.
நாற்பத்தொரு அடி. இருபத்தாறு.
கிழக்குச் சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடத்தில்
யாரோ தீட்டிய பெரிய கண்.
கருவிழிக்குள் தோட்டாத் துளை.
எந்தப் பக்கத்துத் தோட்டா என்று
படிவம் கேட்கவில்லை.
கறுப்பு வெள்ளைச் சதுரத் தரையில்
இரும்புக் கட்டில்கள் இழுபட்ட கீறல்,
சோறு ஆக்கிய கரி.

அலுமாரிக்குள்
கறையான் மிச்சம் வைத்த கூட்டக் குறிப்பேடு,
முதிரையில் ஒரு பெட்டி.
கை நுழைய முன்னால் ஒரு வட்டம்;
நுழைந்த கை எதைப் போடுகிறதென்று
அருகில் நிற்பவனுக்கும் தெரியாது.
எல்லாம் வெள்ளை என்றால், வா சகோதரா.
ஒன்று கறுத்தாலும், போ.

1926 ஓகஸ்ட்: பெட்டிக்கும் உருண்டைகளுக்கும்
இன்னாசி சேலர், தச்சன், கூலி பதினொரு ரூபாய்.
டிசம்பர்: சேர விண்ணப்பம்.
இன்னாசி சேலர், தச்சன்.
வெள்ளை பதினாறு. கறுப்பு ஒன்று.
அடுத்த வரி, விருந்துக்கு வாங்கிய நண்டின் விலை.

அந்தக் கருங்காலியை அவனேதான் கடைந்திருப்பான்.
பிடிக்கிற கையில் சிராய் ஏறாதபடி
தேய்த்துத் தேய்த்து
மினுக்கியும் கொடுத்திருப்பான்.

பிறகும் அவன் பெயர் வருகிறது.
முப்பத்தொன்று, முப்பத்தெட்டு, நாற்பத்தேழு:
கூரை திருத்தம், சேலர்.
ஏணி வெளிச்சுவரில் சாத்தியிருக்க வேண்டும்.

சகோதரர்கள் மெல்பேணுக்குப் போனார்கள்,
சேமக்காலைக்கும்.
எழுபத்தெட்டுச் சூறாவளி
தென்னைகளை வாவிக்குள் எறிந்த இரவில்
ஓடெல்லாம் பறந்தது. வளை அசையவில்லை.
சபூர்தீன் டோர்ச் அடித்தான்:
மூட்டுக்கு மூட்டு மர ஆணி.

பெட்டிக்குள் கைவிட்டேன்.
மணிக்கட்டில் இறுகியது.
யாருடைய கையை அளந்து வெட்டினான்?
அடியில் ஒன்றே ஒன்று, குளிர்ந்து,
விரலுக்கு எட்டி எட்டி உருண்டது.
வெளியே எடுக்கவில்லை.

"பாதுகாக்க" என்று எழுதினேன்.
"ஆருக்காக மிஸ்?" என்றான் சபூர்தீன்,
நாடாவைச் சுருட்டிக்கொண்டே.
மேலே பார்த்தேன்.
காரணம் எழுத விட்டிருந்த இடம்
ஒரு பெயருக்குத்தான் போதும்.