இணைக்கப்பட்டது, இணையம் இல்லை

சாட்ஸ்வர்த்தில் மூன்று நாள் மின்சாரம் இல்லை.
நாலாம் நாள் வெள்ளிக்கிழமை.
வெள்ளி என்றால் பாதிச் சனம் கறி தொடாது,
பீன்ஸ் பன்னிக்கு வாசலைத் தாண்டி வரிசை.
கல்லாவில் நான். என் முன்னால்
செத்துப் பிழைத்த டேப்லெட்.

வைஃபை விசிறி முழுதாய் விரிந்திருக்கிறது.
அடியில் சின்ன எழுத்தில்:
இணைக்கப்பட்டது, இணையம் இல்லை.
தாலி கட்டியாயிற்று,
பேச்சுவார்த்தை கிடையாது என்பது மாதிரி.

அணைத்துப் போட்டேன்.
ரூட்டரைப் பிடுங்கி, முப்பது எண்ணி மாட்டப் போனேன்;
பதினெட்டிலேயே வரிசையில் யாரோ இருமினார்.
"மைக்ரோவேவ் ஓடினால் சிக்னல் சாகும்" என்றது ஒரு குரல்.
தாண்டெக்கா அதை நிறுத்தினாள்.
குழம்பு ஆறியதுதான் மிச்சம்.
"நெட்வொர்க்கை மறக்கச் சொல்லு, திரும்ப அறிமுகப்படுத்து."
மறந்தது. கடவுச்சொல் கேட்டது.
கோகிலன் அண்ணனுக்குப் போன் போட்டேன்.
"கடைப் பேருதான். முதல் எழுத்து பெரிசு.
கடைசியில் ஆச்சரியக்குறி."
"எத்தனை?"
"எனக்கென்ன தெரியும், கோபத்தில் அடித்தது."

மூன்று.
மறுபடி விசிறி. மறுபடி அதே வரி.
இதே ரூட்டரில் என் கைபேசி
பல்லைக் காட்டிக்கொண்டு ஓடுகிறது.

அட்டை எடுக்காது, காசுதான் என்று கத்தினேன்.
வரிசையில் பாதி கரைந்தது.
குழாய் ரிப்பேர் ரூபன் முனியன்
கசங்கிய நூறு ராண்ட் நீட்டினார்,
ரசீதை வாங்கினார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
"தங்கச்சி, நான் பிறக்க
இன்னும் நாலு வருஷம் இருக்கே."

ஜனவரி ஒன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது.
அதிகாலை இரண்டு பத்தொன்பது.

அப்போதுதான் மூலையிலிருந்த மணியைப் பார்த்தேன்.
வெளியே உச்சி வெயில்.
திரைக்குள் ஒரு புத்தாண்டின் விடியாத இருட்டு.
மின்கலம் அடியோடு வற்றினால்
இது போய் விழுகிற கிணறு அதுதான் போல.
விழித்தெழுந்து, நடுச்சாமத்தில்,
வங்கியைத் தட்டியிருக்கிறது, கணக்குப் புத்தகத்தைத் தட்டியிருக்கிறது.
அவையும் பாவம் சான்றிதழை நீட்டியிருக்கின்றன.
இது தேதியைப் பார்த்து,
இந்தச் சீட்டு இன்னும் செல்லுபடியாகாது என்று சொல்லி
தன் கதவைத் தானே சாத்திக்கொண்டிருக்கிறது.
பழி மட்டும் மைக்ரோவேவுக்கு.

தானியங்கி நேரம்: அணைக்கப்பட்டுள்ளது.
கோகிலன் அண்ணன் மகன் தேஷன் வேலை.
பத்து வயசு. மிட்டாய் விளையாட்டில் உயிர் தீர்ந்தால்
தேதியை நாளைக்குத் தள்ளி
ஐந்து உயிர் கடன் வாங்குகிறவன்.

"எழுபது என்றால் எழுபது விலை" என்றார் ரூபன்.
"சில்லறைக் காசுதானே வரும், மீதியைக் கொடு."
வரிசை சிரித்தது.
தாண்டெக்கா ரொட்டியின் வயிற்றைத் தோண்டிக்கொண்டே
தலை நிமிராமல் சொன்னாள்:
"நீ போய் வாங்கிக்கோ.
அந்த வருஷத்துக்கு நான் வரமாட்டேன்."

சிரிப்புக்கு ஒரு நொடி உட்கார இடம் கிடைக்கவில்லை.
பீன்ஸ் நீராவி மட்டும் நகர்ந்தது.
ரூபன் ரசீதை நாலாய் மடித்தார்.
"நானும்தான்" என்றார்.
"ஜோகன்னஸ்பர்க்கில் சொந்த அக்கா கல்யாணத்துக்குப் போக
எங்கப்பா பர்மிட்டுக்கு நின்ற வரிசை
இதைவிட நீளம். அங்கே பீன்ஸும் கிடையாது."

வருஷச் சக்கரத்தை விரலால் தள்ளினேன்.
எழுபத்தாறு, எண்பது, எண்பத்தைந்து
வழுக்கிக்கொண்டு ஓடின.
தொண்ணூற்று நான்கில் கொஞ்சம் ஒட்டி நின்றது;
விரலில் குழம்பு.
துடைத்துவிட்டு மறுபடி தள்ளினேன்,
இன்றைக்கு வரும்வரை.

டிங். டிங். டிங்டிங்டிங்.
மூன்று நாள் ஆர்டர்கள்
யாரும் வாங்க வராத பசியோடு
மொத்தமாய்க் கொட்டின.

"மைக்ரோவேவைப் போடு" என்றேன்.
தாண்டெக்கா போட்டாள்.
ஒன்றும் சாகவில்லை.