பன்னிரண்டு மணி நேரம் அழியாது

டப்பாவில் அப்படித்தான் போட்டிருந்தது.
கல்யாணப் பெண்களுக்கென்று வாங்கி வைத்ததை
பெரிய வெள்ளி காலை ஆறரைக்கு
யேசுவுக்குப் பூசினேன்.

பெர்க்மான்ஸுக்கு ஐஸ் ஃபேக்டரியில் வேலை.
உள்ளங்கை வெடித்திருக்கும், முகம் வெயில் அறியாது.
முதலில் சன்ஸ்கிரீன். இரண்டு விரல் நீளம்.
காது மடல், பிடரி, பாதத்தின் மேல்பக்கம்.
பாதத்தை எல்லாரும் மறந்துவிடுவார்கள்.
இருபது நிமிடம் அசையாதே என்றேன்.
"நாப்பது நாளு தவசு இருந்தவன்க்கா,
இருவது நிமிசம் இருக்க மாட்டனா?"

ரோமாபுரிச் சிப்பாய்கள் பதினோரு பேர்.
எல்லாரும் விசைப்படகு.
தலைக்கவசத்தில் சிவப்பு அடித்த துடைப்பக் குச்சி.
"எட்டு நாளு கடல்ல கெடக்குறோம்,
அங்க எவன் கிரீம் தடவுறான்?
இன்னாக்கா இது, தயிரா?"
ஜெபமாலை மட்டும் விரலில் வாங்கி முகர்ந்து
தங்கச்சிக்குக் கொஞ்சம் கிடைக்குமா என்றான்.

போன வருடம் இரத்தத்துக்கு ரோஸ்மில்க் எசன்ஸ்.
ஈ மொய்த்து
மூன்றாம் தலத்திலேயே ஆண்டவர்
கையை வீச வேண்டியதாயிற்று.
இந்த வருடம் லிப்ஸ்டிக்கில் காயம் வரைந்து
பவுடர் ஒற்றி, மறுபடி வரைந்து, மறுபடி ஒற்றி,
கண்ணை மூடு, மூச்சைப் பிடி,
மேலே ஸ்ப்ரே.
விரலால் தேய்த்துப் பார்த்தேன்.
வரவில்லை.
அப்போது பெருமையாக இருந்தது.

பனைமரத்தொட்டியில் புறப்பட்டு
கல்மண்டபம் வருவதற்குள் பதினொன்றரை.
துறைமுகம் போகிற கன்டெய்னர் லாரிகள்
வரிசையாக நின்றுவிட்டன.
ஒரு டிரைவர் இறங்கி செருப்பைக் கழற்றி,
தார் சுட்டதும்
திரும்ப மாட்டிக்கொண்டார்.
சிப்பாய்களின் மூக்கு உரிய ஆரம்பித்திருந்தது.

ஆறாம் தலம்.
எமல்டாதான் வெரோனிக்காள்.
வருடா வருடம் இரண்டு துணி அவளிடம்.
கையில் வெறுந்துணி, இடுப்பில் முகம் தீட்டிய துணி.
துடைப்பதுபோல் துடைத்து ஒன்றை மறைத்து ஒன்றை விரிப்பாள்.
தீட்டிய துணி
மைக்செட் ஆட்டோவோடு
பழைய வண்ணாரப்பேட்டைக்குப் போய்விட்டது.
கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பார்த்தாள்.
நிஜமாகவே துடை என்று
நான்தான் ஜாடை காட்டினேன்.

அழுத்தித் துடைத்தாள்.
நெற்றியிலிருந்து தாடி வரைக்கும்,
குழந்தைக்கு மூக்குச் சிந்திவிடுகிற மாதிரி.
"திருமுகம் துணியில் பதிந்தது" என்று
ஒலிபெருக்கி முந்திக்கொண்டது.
விரித்துத் தூக்கினாள்.

வெள்ளை.

ஒரு புருவம் வரவில்லை, ஒரு சொட்டு இரத்தம் வரவில்லை.
என் கைவேலை அப்படி.
எங்காவது போய்ப் புதைந்துகொள்ளலாம் போலிருந்தது.

கிட்டே நின்றவர்களுக்கு மட்டும் தெரிந்தது:
நெற்றி ஈரம், மூக்குத்தண்டு ஈரம்,
தாடிக்குக் கீழே ஒரு பெரிய ஈரம்,
கண் இருந்த இரண்டு குழி மட்டும் காய்ந்து.
வெறும் வேர்வை.
"தோ பாரு" என்றாள் இறால் கூடைக்காரி ஒருத்தி.
அவள் பக்கத்திலிருந்தவன் பார்ப்பதற்குள்
கன்னம் காய்ந்துவிட்டது.
பெட்ரோல் பங்க் தாண்டும்போது மூக்கும் இல்லை.
எமல்டா கையை இறக்கவில்லை.
ஒன்றுமில்லாத துணியைக்
கோயில் வாசல்வரை தூக்கிக்கொண்டே நடந்தாள்.

நான்கு மணிக்குப் பார்லரில்
தேங்காய் எண்ணெய், பஞ்சு.
"செத்து இப்பதான் எறங்கிக்கிறேன்,
மெதுவா தேய்க்கா" என்றான் பெர்க்மான்ஸ்.
முதலில் காயம் போயிற்று, பிறகு புருவம்,
தாடிக் கோந்துக்குத்தான் நேரமானது.
பஞ்சு பஞ்சாகப் பதினேழு துண்டு முகம்
குப்பைக்கூடையில்.

அவன் போனபின் கண்ணாடியில் நான்.
மூக்கும் கழுத்தும் சுட்ட கருவாட்டு நிறம்.
பதின்மூன்று பேருக்குத் தடவியவள்
எனக்குத் தடவிக்கொள்ளவில்லை.
விரலில் மிஞ்சியதை அவசரத்தில்
புடவையில் துடைத்திருக்கிறேன்.
நீலப் புடவை, இடுப்புக்குக் கீழே,
ஐந்து விரலும் உள்ளங்கையும்
அப்பட்டமாக வெள்ளையாய்.

இரண்டு தடவை சோப்புப் போட்டாயிற்று.
இன்னும் போகவில்லை.