மைனஸ் எண்பது

மாத்திரை எழுதித்தர உரிமையில்லாத டாக்டர் நான்.
இதை அமலோற்பவத்துக்குப் புரியவைக்க
இரண்டு வருடம் பிடித்தது.
"அப்போ இன்னாத்துக்கு ரத்தம் எடுத்த?"

நல்ல கேள்வி.
நிதி ஒதுக்கும் குழுவில் ஒருவர்கூட
இத்தனை சுருக்கமாகக் கேட்டதில்லை.

இரண்டாயிரத்து ஆறு. ஆடி போயும் அடங்காத வெயில்.
காசிமேட்டிலிருந்து கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் வரை
ஆட்கள் குனிந்தே நடந்தார்கள்,
விழுந்த சில்லறையைத் தேடுகிறவர்கள் போல.
கொசுக் காய்ச்சல், ஐந்து நாளில் போய்விடும் என்றார்கள்.
போனது காய்ச்சல் மட்டும்.

பெட்டியோடு போனேன்.
பெட்டிக்கு ஐஸ், துறைமுகத்து ஐஸ் கம்பெனியில்
வஞ்சிரத்துக்கு உடைத்ததிலிருந்து ஒரு கூடை.
குழாய்களில் கவிச்சி அடிக்கிறதென்று
ஆய்வகத்தில் குணசீலன் மூக்கைச் சுளித்தான்.
இருநூற்றுப் பன்னிரண்டு குழாய்கள்.
அவள் நூற்றுப் பதினேழு.

வைரஸ் போய்விட்டதா,
மூட்டிடுக்கில் எங்காவது ஒளிந்திருக்கிறதா,
காலி செய்துவிட்டுப் போன வாடகைக்காரன்
சுவரில் விட்ட ஆணியை
உடம்பு இன்னும் அவனென்றே நினைத்து அடிக்கிறதா.
என் உத்தியோகம் மொத்தமும்
இந்த ஐந்து வரிக்குள் ஓடியது.
ஏழாவது பெயராக நான் வந்த கட்டுரை ஒன்று.
முதல் பெயராக வந்து
யாரும் படிக்காத கட்டுரைகள் நான்கு.

"நெகட்டிவ்" என்றேன் ஒருநாள்.
"நல்லதுதானே?"
"ஆமாம். வைரஸ் இல்லை."
மீன் கூடையை இறக்காமலே நின்றாள்.
"அப்ப வலிக்கிறது யாருக்கு?"

வர்தா அடித்த ராத்திரி கரண்ட் போனது.
உறைபெட்டியின் சிவப்பு எண்கள் ஏறின,
எழுபத்து நான்கு, அறுபத்தெட்டு, அறுபத்தொன்று,
குறைவது போலத் தெரியும், ஏறுவதுதான்.
டீசலுக்கு எண்ணூர் நெடுஞ்சாலையில் கேன் தூக்கி நின்றேன்.
மணலி லாரிக்காரர் ஒருவர்
தன் டேங்கில் குழாய் விட்டு வாயால் உறிஞ்சிக் கொடுத்தார்.
"உள்ள இன்னாம்மா, ஐஸ்கிரீமா?"
"ரத்தம்."
காசு வாங்கவில்லை.

பிறகு அந்தப் பெரிய தொற்று.
திடீரென என் படிப்பின் பெயர்
டீக்கடையில் புழங்கியது.
காய்ச்சல் விட்டும் களைப்பு விடாதவர்கள்
அடையாறிலிருந்து, அமெரிக்காவிலிருந்து எழுதினார்கள்.
குழு இந்த முறை கேள்வியே கேட்காமல் ஒப்புதல் தந்தது.
அமலோற்பவத்திடம் சொன்னேன்.
"காசுக்காரங்களுக்கும் வந்துச்சா?
அப்ப சீக்கிரம் கண்டுபுடிச்சுடுவாங்க."

பைப்பெட் அழுத்தி அழுத்தி
என் வலது கட்டைவிரலும் காலையில் மடங்குவதில்லை.
அவளிடம் இதைச் சொன்னதில்லை.

போன மாதம் ஓய்வு.
பழைய மாதிரிகளை அழிக்கச் சொல்லிப் பட்டியல் வந்தது.
வைத்துக்கொள்வதென்றால் புதிதாகச் சம்மதம் வேண்டும்,
உயிரோடு இருப்பவர்களிடம்.
எழுபத்தொரு பேர் கிடைத்தார்கள்.

அவள் மீனை வெட்டிக்கொண்டிருந்தாள்.
விரல்கள் மூடாததால்
கத்தியை உள்ளங்கையோடு சேர்த்துப்
பழைய பாவாடை நாடாவால் கட்டியிருந்தாள்.
அவிழ்க்க நான் உதவினேன், பல்லால் அவளும்.
பேனா நிற்கவில்லை. மை தடவிப் பெருவிரல் வைத்தாள்.

பழைய தாளும் என் பையில் இருந்தது.
அதில், நாலாங்கிளாஸ் கையெழுத்தில்,
கோட்டுக்கு மேலே ஒன்று கீழே ஒன்றாக
பெயரின் ஏழெழுத்தும்.

இரண்டையும் ஒரே உறையில் போட்டேன்.

சேலையில் மையைத் துடைத்தபடி கேட்டாள்,
"எம் ரத்தம் இன்னும் ஒறஞ்சேதான் கீதா?"
"ஆமாம்."
"எத்தினி குளுரு?"
சொன்னேன்.
விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"அதான்," என்றாள், "காலைல இப்டி வெறச்சுக்குது."