இதர

குவோபியோவில் அக்டோபர் மழை.
பூங்கா நடுவே கூடாரம், மேசைமேல் வரைபடம்;
வேண்டுமென்றால் பச்சைப் பொட்டு, வேண்டாமென்றால் சிவப்பு.
சறுக்கு மேடைக்கு முப்பத்தொரு பச்சை.
நாய்களுக்கு வேலி: பாதிக்குப் பாதி.
ஒரு பையன் பொட்டைத் தன் நாயின் மூக்கில் ஒட்டினான்,
அதையும் எண்ணிக்கொண்டேன்.

இரவுப் பணி முடித்து வந்த வூக்கோ
பொட்டைத் தொடவே இல்லை.
"அந்த பெஞ்ச் கார் நிறுத்தத்தைப் பார்க்கிறது.
ஏரி அதன் முதுகுப்பக்கம்.
திருப்பிப் போடுங்கள், போதும்."
திருப்புவதற்குப் படிவத்தில் கட்டமில்லை.
'இதர' என்பதில் எழுதினேன்;
மழை பட்டு மை கொஞ்சம் ஊர்ந்தது.

அறிக்கை நாற்பது பக்கம்.
நிதி அடுத்த ஆண்டுதான் என்றார்கள்.

ஏப்ரலில் அளவெடுக்கப் போனேன்.
பெஞ்ச், உறைந்த ஏரியைப் பார்த்தபடி.
பக்கத்தில், கழற்றிய நான்கு போல்ட்டுகள்
வரிசையாக.
யார் என்று கேட்கவில்லை.
கேட்பதுதான் என் வேலை.