பின்பக்கம்

ரோஷ்வேர் குடும்பத்தின் கோட்டையில்
பதினொரு வருடம் தரை துடைத்தேன்.
நாற்பத்தாறு அறை, நூற்றிப் பன்னிரண்டு யன்னல்.
எண்ணச் சொல்லி ஒருத்தரும் கேட்கவில்லை,
எண்ணினேன்.

முதலாவது ரோஷ்வேர் ஒரு குதிரைக்காரன்.
அரசனின் காயத்தைத் தன் சட்டை கிழித்துக் கட்டினானாம்,
அந்தச் சட்டைக்கு மூன்று ஊர் கிடைத்தது.
பேரன் நான்காவதைக் கேட்காமல் எடுத்தான்.
பிறகு ஒரு மேற்றிராணியார், இரண்டு தளபதிகள்,
அரசி சிரித்த நேரம் பார்த்துத் தானும் சிரித்து
உப்பு வரியைக் குத்தகைக்கு வாங்கிய ஒருத்தி.
கேடயத்தில் மூன்று கொக்கு. கீழே லத்தீனில்:
பிடித்ததை விடோம்.

எங்கட ஆட்களிடம் லத்தீன் இல்லை.
வேலி இருந்தது,
மாரிக்கு மாரி ஒரு சாண் நகரும் வேலி.

ஆயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பது, ஆடி மாதம்,
குடியானவர்கள் தீவட்டியோடு வந்தார்கள்.
வெள்ளித்தட்டைத் தொடவில்லை.
கடுதாசியைக் கேட்டார்கள்:
ஆர் எத்தனை கோழி தரவேணும்,
ஆர் எத்தனை நாள் கூலியில்லாமல் உழவேணும்
என்று எழுதிய புத்தகங்கள்.
முற்றத்தில் குவித்துக் கொளுத்தினார்கள்.
ஒன்று தப்பியது. பிரபுவின் மனைவி அதைத்
தவிட்டுப் பீப்பாவுக்குள் தாட்டு வைத்திருந்தாள்.
பிரபுவின் தலை தப்பவில்லை.

இப்போது அது எட்டாம் அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள்.
வழிகாட்டி மதாம் செலின் அங்கே நிற்பதில்லை.
"அடுத்து, சீனப் பீங்கான்கள்" என்று கடந்துபோவாள்.
கண்ணாடி துடைக்கிறவன் நான்தான் நிற்பேன்.
'ழான், மனைவி, பிள்ளை நான்கு,
ஒரு கண் குருடு. ஓடை வரைக்கும் நிலத்தோடு சேர்த்தி.'
வாசித்து வாசித்துத்தான் எனக்குப் பிரெஞ்சு வந்தது.
மனுசரைச் சாமான் மாதிரி எழுதி வைச்சிருக்கிறாங்கள் எண்டு
அறைக்கூட்டாளி அருமைநாயகத்திடம்
சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

வயாவிளானில் முள்ளுக்கம்பியைச் சுருட்டிவிட்டார்கள்
என்று செய்தி வந்தது. முப்பத்துநாலு வருடம்.
வந்து பார்த்தேன். வீடு இல்லை.
கிணறு இருந்தது, கிணற்றுக்குள் ஒரு வேம்பு வளர்ந்து
எட்டிப் பார்த்தது.
கச்சேரியில் கேட்டார்கள்: உறுதி எங்கே?

கொக்குவிலில், சின்னம்மா வீட்டில்,
ஒரு பால்மாப் பேணிக்குள்.
கறையான் ஓரங்களைத் தின்று நடுவை விட்டிருந்தது.
'கிழக்கு ஒழுங்கை. வடக்கு வயிரவர் காணி.
பரப்பு பதினாறு, கிணறு ஒன்று, பனை இருபத்தேழு.'
திருப்பினேன்.
'மேற்படி காணியோடு சேர்ந்த அடிமைக்குடி இரண்டு.
கதிரி, மகள் சின்னி, கைக்குழந்தை ஒன்று.
வேலன், இடக்கால் ஊனம்.'
கீழே பூட்டனின் பூட்டன் கையெழுத்து,
ஒற்றைக்கால் கொக்கு மாதிரி.

அந்தக் கிணற்றைத் தோண்டினது அவர்கள்.
அதில் அள்ளக்கூடாதவர்களும் அவர்கள்.
எனக்கு ஒன்பது வயதில்கூட
வேலிக்கு அப்பால் குடத்தோடு ஒருத்தி நிற்பாள்,
ஆராவது வந்து ஊற்றும் வரைக்கும்.
அவளின் பேர் எனக்குத் தெரியாது.
இந்தத் தாளுக்கு அவளின் பூட்டியைத் தெரிந்திருக்கலாம்.

அவளின் ஆட்கள் இன்னும் மல்லாகம் முகாமில்
தகரத்துக்குக் கீழே, என்று விதானையார் சொன்னார்.
காணி இல்லாதவைக்கு
விடுவிக்க என்ன இருக்கு, தம்பி?

கச்சேரிக்கு எதிரே கொப்பி எடுக்கும் கடை.
பொடியன் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.
"அண்ணை, ரெண்டு பக்கமுமோ?"
முன்பக்கம் போதும். எல்லை, பரப்பு, பனை
எல்லாம் அதிலேயே இருக்கு.
மூடி திறந்தபடி மெசின் காத்து நின்றது.
எனக்குப் பின்னால் வரிசை. ஒருத்தர் செருமினார்.
பளிங்குத் தரையில் மதாம் செலினின் குதிச் சப்பாத்து
சீனப் பீங்கான்களை நோக்கிப் போனது.

"ஓம், ரெண்டும்."
"எத்தனை கொப்பி?"

முன்பக்கம் ஒன்று என்றேன்.
பின்பக்கத்துக்கு,
அந்தக் கைக்குழந்தையிலிருந்து
எண்ணத் தொடங்கினேன்.