அஞ்சு தட்டு, ஒரு கட்டை

மார்த்தாண்டத்திலிருந்து வந்த கூரியர் பையன்
பெட்டியைப் படியில் இறக்கிவிட்டு மூச்சு வாங்கினான்.
"உள்ள என்னக்கா, அம்மிக்கல்லா?"
கீபோர்டு என்றேன்.
போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தான்,
பெட்டியை அல்ல, என்னை.

சீட்டு எடுத்த பணம்.
சுங்கவரி தனி,
அதை வீட்டில் சொல்லவில்லை.

நான் பிறக்கும் முன்பே
செய்வதை நிறுத்திவிட்ட பொருள்.
அமெரிக்காவில் யாரோ ஒருவர்
பழையதைப் பிரித்து, அளந்து,
அச்சு வார்த்து, கம்பியைச் சுருளாகச் சுற்றி
மறுபடி செய்கிறார்.
பழையதை நான் தொட்டதே இல்லை.
எனக்கு இது நகல் இல்லை,
இன்று காலை சுட்ட ஆப்பம்
நேற்றைய ஆப்பத்தின் நகல் இல்லை என்பதுபோல.

ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு சுருள்.
அழுத்தினால் எதிர்க்கும்.
இன்னும் அழுத்தினால் கூன் போடும்.
பிறகு ஓரிடத்தில், சொல்லாமல் கொள்ளாமல்,
இடுப்பொடியும்.
வெயில் ஏறிய மதியத்தில்
ரப்பர் காய் வெடிக்குமே, அந்தச் சத்தம்.
அங்கே விதை பறந்துபோய்த் தகரத்தில் விழும்.
இங்கே திரையில் ஒரு எழுத்து.

இரவு பத்து முதல் நாலு வரை
ஒஹையோக்காரர்களின் முழங்கால்கள், பித்தப்பைகள்.
டாக்டர்கள் என் காதுக்குள் கொட்டாவி விடுகிறார்கள்.
நான் கமா போடுகிறேன்.

மூன்றாம் நாள்
கீழ்வீட்டு வில்பிரட் அண்ணன் கம்பெடுத்து மேலே இடித்தார்.
நாலு மணிக்குப் பால்வெட்டப் போகிறவர்.
நான் முடிக்கும் நேரத்தில் அவருக்கு விடிகிறது.
"மக்கா, தலைக்கு மேல
நண்டுக்கூட்டம் நடக்குத மாதிரி இருக்கு."

மெதுவாக அடித்துப் பார்த்தேன்.
இதில் மெதுவாக என்று ஒன்று கிடையாது.
சுருள் ஒடிய வேண்டும்,
ஒடியாவிட்டால் எழுத்தே இல்லை.

ஐப்பசி மழை.
திற்பரப்பு ரோட்டில் மரம் சாய்ந்து
குலசேகரம் முழுக்க இருட்டு.
யுபிஎஸ் பத்து நிமிடம் கூவிவிட்டு அடங்கியது.
கை அடங்கவில்லை.

கரண்ட் இல்லாமலும் சுருள் மடங்குகிறது,
கீழே தகடு ரீங்கரிக்கிறது.
எழுத்து மட்டும் எங்கும் போவதில்லை.
போகாது என்ற தைரியத்தில்
ஒரு பேரை அடித்தேன்.
மறுபடி அடித்தேன்.
அழிக்கிற விசைக்கு வேலையே வரவில்லை.

மழையில் பால்வெட்டு கிடையாது.
காலையில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.
"கரண்ட் இல்லாத நேரமும் என்னத்த அடிச்சிட்டுக் கிடந்தே?
உறக்கம் வரல்ல. எண்ணிட்டுக் கிடந்தேன்.
அஞ்சு தட்டு, பிறவு அந்த நீளக் கட்டைக்க சத்தம்.
அஞ்சு தட்டு, ஒரு கட்டை.
ஒரே சொல்லு, இல்லியா?"

பாஸ்வேர்டு அண்ணே, மறந்துபோச்சு என்றேன்.

தோள்துண்டைப் பிழிந்தார்.
பிழிய அதில் ஈரம் ஒன்றும் இல்லை.
"பாஸ்வேர்டுல எடம் விடப்பிடாதுன்னுல்லா
எம் மொவ சொன்னா."

அதற்கு மேல் கேட்கவில்லை.
சாயங்காலம்
புகை போட்ட ரப்பர் ஷீட் ஒன்றை
நாலாக மடித்துக் கொண்டுவந்து தந்தார்.
"அடியில போட்டுப் பாரு."

போட்டேன்.
அறையெல்லாம் புகையும் புளிப்பும்.
மேசை வாங்கிய அடியை ஷீட் வாங்கிக்கொண்டது.
வெடிப்பு அப்படியேதான் இருந்தது,
என் விரல் நுனியோடு நின்றது.

மழை விட்ட வெள்ளிக்கிழமை, நாலு மணி.
நெற்றியில் விளக்குக் கட்டி முற்றம் கடந்தவரிடம்
ஜன்னல் வழியாகக் கேட்டேன்,
சத்தம் கொறஞ்சிருக்கா அண்ணே?

விளக்கு திரும்பி
ஒரு கணம் என் கம்பிகளில் நின்றது.
"கொறஞ்சிருக்கு," என்றார்.
"இப்போ எண்ண முடியல்ல."